பிரேக் பிடிக்கவில்லை

விபத்து நடந்த நாளிலிருந்து அப்பா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "மிதிச்சேன். பிடிக்கல." போலீஸ்காரரிடம் சொன்னார். நெற்றிப் புடைப்பைப் படம் எடுத்த மருத்துவமனையில் யாரும் கேட்காமலே சொன்னார். பால்காரரிடம் சொன்னார். தவறான எண்ணுக்கு அழைத்த யாரோ ஒரு புண்ணியவானிடமும் சொல்லி, அந்த ஆள் பாதியிலேயே வைத்துவிட்டான் என்று கோபப்பட்டார். இன்சூரன்ஸ் படிவத்தில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டம் வந்தபோது, மகள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கட்டத்துக்கு வெளியே வழியும் கொட்டை எழுத்தில் தானே எழுதினார்: பிரேக் பிடிக்கவில்லை.

அந்த இரண்டு வார்த்தையில்தான் வினை ஆரம்பித்தது.

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பேசிய பெண்ணுக்குக் குரல் தேனாக இருந்தது. "வண்டி நிலைதடுமாறிடுச்சுன்னு எழுதியிருந்தீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். ஓட்டறவங்க தப்பு பண்றதுக்குத்தானே இன்சூரன்ஸே இருக்கு. ஆனா பிரேக்குன்னு எழுதிட்டீங்க. வண்டியச் சரியாப் பராமரிச்சீங்களான்னு நாங்க பாத்தாகணும். பராமரிக்கலன்னா க்ளெய்ம் நிக்காது. வண்டியச் சோதிக்கற எங்க சர்வேயர் மறுபடி வருவார். உங்க சிரமத்துக்கு வருந்தறோம்."

அந்தக் கடைசி வாக்கியம் மகளுக்கு மனப்பாடம். அவளே ஒரு தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்பது பேருடைய சிரமத்துக்கு அவள் வருந்தியாக வேண்டும். அந்த இனிமை கேட்பவர் காதில் எப்படி எரியும் என்பது ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பா, ஒரு வார்த்தைய மாத்தி எழுதிக் குடுத்துடலாம்பா. நிலைதடுமாறிடுச்சுன்னு."

"யார் நிலைதடுமாறினது? நானா?"

"வண்டிதான்பா."

"வண்டி தானாத் தடுமாறுமா? ஓட்டறவன் தடுமாறினாத்தான் வண்டி தடுமாறும். நான் தடுமாறல. மிதிச்சேன். பிடிக்கல."

அப்பா முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு கோழி அடிபட்டதில்லை. அவர் பஸ்ஸை நிறுத்தினால் நின்றதே தெரியாது என்பார்கள். நின்றுகொண்டு போகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் வருவார்களாம். டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் தொட்டில். ஓய்வுபெற்ற அன்று கொடுத்த கடிகாரத்தில்கூடச் சொந்தப் பெயருக்குக் கீழே அந்தப் பெயரையும் பொறித்திருந்தார்கள். ஓய்வுக்குப் பின் ஒரு சின்னக் கார் வாங்கினார். அதையும் பஸ்ஸைப் போலவே ஓட்டினார். காலையில் சக்கரத்துக்குச் சக்கரம் குனிந்து பார்த்து, கண்ணாடி துடைத்து, டூட்டிக் காலத்துக் கறுப்பு ஷூவைப் பாலீஷ் போட்டு மாட்டிக்கொண்டுதான் ஏறுவார். பேத்தியையும் பேரனையும் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற மூன்று கிலோமீட்டருக்கு இத்தனை அமர்க்களம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பெரியவளையும் சின்னவனையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையை வாங்கத் தையல்கடைக்குப் போனார். கடைக்கு முன்னால் நிறுத்தத் திரும்பிய கார் நிற்கவில்லை. படியில் ஏறி, கண்ணாடிக் கதவை நொறுக்கி, தையல் மெஷினைப் பின்சுவர் வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. மெஷினுக்குப் பின்னால் இருந்த நாற்காலி மடங்கிக் கத்தை மாதிரி ஆகிவிட்டது. தையல்காரர் அந்த நிமிஷம் பட்டன் டப்பா எடுக்க உள்ளே போயிருந்தார். அதனால் இன்றைக்கும் அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் நஷ்டஈட்டுக்குக் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தவர், அப்பாவைக் குற்றம் சொல்லவே இல்லை. அதுதான் மகளுக்குத் தாங்கவில்லை. "வண்டி சதி பண்ணா மனுஷன் என்ன செய்வான் சார்" என்றார் அவர். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் அது தட்டில் கடகடவென்று ஆடியது.

மகள் அப்பாவை நம்பினாள். நம்பித்தான் ஆகவேண்டும். அவள் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். கணவன் கப்பலில், ஆறு மாதம் கடலில், இரண்டு மாதம் கட்டிலில் என்று அம்மா கிண்டல் செய்வாள். பிள்ளைகளை எழுப்பி, ஊட்டி, பள்ளிக்கூடம் சேர்ப்பதெல்லாம் தாத்தா பாட்டி பொறுப்பு. கார் தப்பு என்றால் காரைச் சரிசெய்துவிடலாம், இல்லை வேறு கார் பார்க்கலாம். அப்பா தப்பு என்றால்? அதற்கு மேல் அவள் யோசிக்க விரும்பவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு இன்சூரன்ஸ் சண்டை வசதியாக இருந்தது. பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, படிவத்தின் நகலையும் சேர்த்து ஒரு கோப்பு தயார் செய்தாள். பிரேக் திடீரென்று பழுதானது, பராமரிப்பில் குறை இல்லை என்று இரண்டு பக்கத்துக்கு வாதம் எழுதினாள். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் போனில், "பிரேக் கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது, "அவன் திருடன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவளும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

"உங்கப்பா என்னிக்குத்தான் தப்பு பண்ணியிருக்காரு?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "என்னைக் கட்டிக்கிட்டத தவிர."

சனிக்கிழமை சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லியிருந்தார். கிளம்பும்போதே அப்பா பிடித்துக்கொண்டார். மூன்று நாளாக வீட்டிலேயே வெறுங்காலோடு முடங்கிக் கிடந்ததில் அவருக்குப் பொறுமை போயிருந்தது. "திங்கக்கிழமைக்கு ஒரு வாடகைக் கார் எடு. பசங்க மூணு நாளா பக்கத்து வீட்டுக்காரங்க வண்டியில தொத்திக்கிட்டுப் போகுதுங்க. நான் இருக்கறப்போ என் பேரப்பிள்ளைங்க எதுக்கு அடுத்தவன் வண்டியில போகணும்?"

"க்ளெய்ம் முடியட்டும்பா."

"க்ளெய்ம் வண்டிக்குத்தானே? எனக்கில்லையே?"

அவள் பையை மாட்டிக்கொண்டு, "சரிப்பா. சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றாள். அப்பா முகம் மலர்ந்து, ஷூவை எடுத்துவந்து, துணியால் இரண்டு தட்டுத் தட்டி மாட்டிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அவர்களுடைய கார் கடைசியில் நின்றது. முகம் நசுங்கி, ஒரு விளக்கு வயரில் தொங்கியது. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். சர்வேயர் அதற்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஒல்லியான, ஐம்பது கடந்த மனிதர். சட்டைப் பையில் டார்ச்சும் சாக்பீஸும் வைத்திருந்தார். எதையும் அனுமதி கேட்பதைப் போலவே பேசினார்.

"ஐயா தப்பா நினைக்கக் கூடாது. பிரேக் ஆயில் முழுசா இருக்கு. குழாய் எங்கயும் கசியல. கட்டையெல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

"அதெல்லாம் இப்ப இருக்கும்" என்றார் அப்பா. மெக்கானிக்கைப் பார்த்தபடிதான் சொன்னார். "மூணு நாள் வண்டி யார் கையில இருந்துச்சு?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். பெரியவர் என்பதால் விட்டார் போலிருக்கிறது.

"ஒண்ணு செய்வோம்" என்றார் சர்வேயர். "தூக்கி வெச்ச பின்சக்கரத்த மெக்கானிக் கையால சுத்துவார். உள்ள உக்காந்து ஒருத்தர் பிரேக் மிதிங்க. நின்னுடுச்சுன்னா பிரேக் இருக்கு. நிக்கலன்னா நான் உங்க பக்கமே எழுதறேன். மேடம், நீங்க முதல்ல உக்காருங்களேன்."

அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றினார். அவள் மிதித்தாள். டப்பென்று நின்றது. மறுபடி சுழற்றினார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை மெதுவாகத்தான் மிதித்துப் பார்த்தாள். அதற்கும் நின்றது. இரண்டு பக்க வாதம் பையில் மடித்து இருந்தது.

"நீ இறங்கு" என்றார் அப்பா. "நான் மிதிக்கறேன். மிதிக்கறவன் மிதிச்சாத்தான் தெரியும்."

அவர் ஏறி, இருக்கையைத் தன் உயரத்துக்குத் தள்ளி, முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைக்கூடத் திருத்திக்கொண்டார். சுவரில் முட்டி நசுங்கிய காரில் உட்கார்ந்து பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கக் கண்ணாடி திருத்துகிற ஆளை என்ன சொல்ல. மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றினார்.

"மிதிங்க ஐயா."

"மிதிச்சாச்சு."

சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் அப்பா. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். "சுத்துதா இல்லையா? நான் என்ன சொன்னேன்? திருட்டுப் பயலே, இப்ப சொல்லு! பாரும்மா, நல்லா பாரு! மிதிச்சிருக்கேன், பிடிக்கல!"

அவளுக்கு ஒரு கணம் குதிக்கலாம் போல இருந்தது. அப்பாவை நம்பியது வீண்போகவில்லை. வெற்றியோடு சர்வேயர் பக்கம் திரும்பினாள். அவர் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. திறந்திருந்த கதவருகே குந்தி, டார்ச்சை அப்பாவின் கால் பக்கம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து அவளும் குனிந்தாள்.

அப்பாவின் கறுப்பு ஷூ பிரேக்கில் இல்லை. அதற்கு வலப்பக்கம், ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. ஏதோ தெரியாமல் உரசிக்கொண்டு இருக்கவில்லை. முழுப் பலத்தோடு, தரையோடு தரையாக அதை அழுத்திக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கப் போனார். சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பா" என்றாள் அவள். "கொஞ்சம் கீழ பாருங்க."

"டிரைவர் எதுக்குக் கீழ பாக்கணும்? ரோட்டப் பாத்து ஓட்டறவன்தான் டிரைவர். காலு அதோட வேலைய அதுவே பாத்துக்கும்." சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுத்தினார். அவருடைய முழங்கால் நடுங்குவதை அவள் பார்த்தாள்.

சர்வேயர் மிருதுவாகப் பேசினார். "ஐயா, பிரேக் சோதிச்சாச்சு. இறங்கி இப்படி உக்காருங்க. அந்த வலது ஷூவ மட்டும் கழட்டிக் குடுங்களேன். அடி தேஞ்சு வழுக்குதான்னு பாத்து எழுதிக்கறேன்."

பாவம், அந்த மனிதர் அப்பாவுக்கு ஒரு சாக்குத் தேடினார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஷூ வழுக்கியது என்று ஒரு வரி எழுதிவிட்டால் மானமும் தப்பும், க்ளெய்மும் தப்பும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். ஷூ சுலபமாக வரவில்லை. எங்கோ பிடித்துக்கொண்டது. இழுத்தார். வந்துவிட்டது.

சர்வேயர் ஷூவைத் திருப்பி அடியைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. டார்ச் அடித்தார். முன்பாதம் ஊன்றுகிற இடத்தில் ஒரு ஆணியின் தலை, சின்னச் சட்டைப் பட்டன் அளவுக்கு, பளபளவென்று இருந்தது. நடந்து நடந்து தேய்ந்த பளபளப்பு. பல நாள் நடந்திருந்தால்தான் இரும்பு அப்படித் தேயும். அவர் மறுகையை ஷூவுக்குள் விட்டார், சுரீரென்று வெளியே இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு கோடு. அது அவருடைய ரத்தமா, உள்ளே இருந்த ரத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா... இது எப்போலருந்து?"

"எது?"

நான்கு பேரில் மூன்று பேர் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். கறுப்புக் காலுறையில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். ஈரம் மட்டும் மினுங்கியது.

"என்ன எல்லாரும் என் காலயே பாக்கறீங்க?" என்றார் அப்பா.

அவள் எண்ணெய்த் தரையில் முழங்காலிட்டு, காலுறையை மெல்ல உருட்டிக் கழற்றினாள். அது ஒட்டிக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பனின் உள்ளங்காலை யார் பார்த்திருக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், வயதாகிவிட்டதே என்று தலைமயிரைப் பார்ப்போம். அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே, தடித்து வெளுத்த தோலுக்கு நடுவில் ஒரு துளை இருந்தது. ஓரம் கறுத்திருந்தது. உள்ளிருந்து புது ரத்தம் சுரந்துகொண்டிருந்தது. இதோடுதான் அவர் காலையில் படியிறங்கினார், வாடகைக் காருக்குச் சண்டை போட்டார், மெக்கானிக்கைத் திட்ட நிமிர்ந்து நின்றார். முகம் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை.

சர்க்கரை வியாதி பதினெட்டு வருஷமாக இருந்தது. மாத்திரை தவறாமல் போடுகிறேன், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று அவர் சொல்ல, எல்லோரும் நம்பினார்கள். போன மாதம் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்; இன்னொன்று தெருவிலேயே கழன்று கிடந்தது. அம்மா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகளும்தான் சிரித்தாள்.

"அப்பா, வலிக்கலையா?"

"வலிச்சாச் சொல்ல மாட்டேனா?"

"கண்ண மூடுங்க. நான் தொடறப்ப சொல்லுங்க."

"இது என்ன விளையாட்டு?" என்றார். ஆனால் அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பெருவிரலைத் தொட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளினாள். ஒன்றும் சொல்லவில்லை. பாதம் முழுவதையும் இரண்டு கையாலும் பற்றி, தன் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். நகத்தின் அடையாளம் பிறை பிறையாக அவர் தோலில் பதிந்தது. அப்பா கண்ணை மூடியபடி, பரீட்சைக் கேள்விக்குக் காத்திருக்கும் பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ம், ஆரம்பி" என்றார்.

மெக்கானிக் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு நேரம் திட்டு வாங்கிய மனிதர், புறங்கையால் கண்ணைத் துடைப்பதை அவள் பார்த்தாள்.

"ஆரம்பிம்மா, எவ்வளவு நேரம்?"

பதில் வராததால் கண்ணைத் திறந்தார். தன் காலைப் பார்த்தார். அதை இறுக்கிப் பிடித்திருந்த அவளுடைய கைகளைப் பார்த்தார். சர்வேயர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். அவர் மெல்லத் திரும்பி, திறந்து கிடந்த கார்க் கதவு வழியாக உள்ளே, பக்கத்தில் பக்கத்தில் இருந்த மூன்று மிதிகளையும் பார்த்தார். முப்பத்துநாலு வருஷத்தில் அவற்றை அவர் குனிந்து பார்த்ததே இல்லை.

"இப்ப நான் எத மிதிச்சேன்?"

"ஆக்சிலேட்டருங்க ஐயா" என்றார் சர்வேயர். தரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா தலையை ஆட்டினார். ஏதோ முகவரி கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஆட்டுவதைப் போல ஆட்டினார். நெற்றியில் வியர்வை பொடிப்பொடியாகத் துளிர்த்தது.

"படிவத்தக் குடு" என்றார்.

"அப்புறம் எழுதிக்கலாம்பா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"குடும்மா."

படிவம் இருந்த ரசீதுக் கோப்பை வாங்கி மடியில் வைத்தார். தன் கொட்டை எழுத்தை அடித்தார். அதற்குக் கீழே எழுதப் பேனாவை வைத்தவர், எழுதாமல் மேலே போய், 'விபத்து நடந்த நேரம்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார். எட்டு இருபத்திரண்டு என்று மகள் எழுதியிருந்தாள்.

"பசங்கள எத்தன மணிக்கு இறக்கிவிட்டேன்?"

அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் போனுக்குச் செய்தி வரும். அந்தச் செய்தியை இந்த நாலு நாளில் அவள் திறக்கவே இல்லை. திறக்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எட்டு பத்துக்குப்பா."

பன்னிரண்டு நிமிஷம். அவர் உதடு அசைவதிலிருந்து அவரும் கணக்குப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. காரின் பின்இருக்கையைத் திரும்பிப் பார்க்கப் போனார், முடியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். கோப்பு மடியிலிருந்து நழுவி, ரசீதுகள் எண்ணெயில் விழுந்தன. எடுக்க யாரும் குனியவில்லை.

"திங்கக்கிழமைக்கு வண்டி வேணும்னு உங்கிட்ட சண்டை போட்டேனேம்மா" என்றார்.

அவள் அவர் காலைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நீயும் சரின்னியே" என்றார் அப்பா.